அம்மா தனியாக ஊர் திரும்புகிறார்: வீல்சேர் கேட்கலாமா, வேண்டாமா?

#1 புதுகைப் பெண் (திங்கள், இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். குழந்தை பிறந்ததும் துணைக்கு வந்த அம்மாவின் 90 நாள் விசா முடியப் போகிறது. அடுத்த மாதம் 11-ம் தேதி ஊர் திரும்புகிறார். வரும்போது தம்பி கூட வந்தான். போகும்போது தனியாகத்தான் போக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து துபாய், அங்கே மூன்றே கால் மணி நேரம் காத்திருந்து சென்னைக்கு மாற வேண்டும்.

அம்மாவுக்கு 67 வயது. கால் வலி, முட்டி வலி ஒன்றும் கிடையாது. ஊரில் தினமும் கோயிலுக்கு நடந்து போய் வருகிறவர். தமிழில் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறார். ஆங்கில எழுத்தும் எண்ணும் தெரியும், வாக்கியமாகப் படிக்க வராது, பேச வராது. வந்தபோது வைத்திருந்த பழைய போர்டிங் பாஸைக் கையில் கொடுத்து, "இதில் எந்த கேட்டுக்குப் போகணும்னு சொல்லும்மா" என்று கேட்டுப் பார்த்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் 27 என்று விரல் வைத்தார். அது இருக்கை எண். எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது.

தோழிகள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "வீல்சேர் போட்டுவிடு, அவர்களே கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்." அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு என்ன கால் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு நாளாக அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

இப்படிப் பெற்றோரைத் தனியாக அனுப்பியவர்கள் யாராவது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

#2 மலைக்கோட்டை மணி (திங்கள், இரவு 11.25)

சகோதரி, யோசிக்கவே வேண்டாம். போட்டுவிடுங்கள். நான் ஷார்ஜாவில் 14 வருடமாக இருக்கிறேன். என் மாமியார் மூன்று தடவை வந்து போய்விட்டார், மூன்று தடவையும் வீல்சேர்தான். வரிசை கிடையாது, அலைச்சல் கிடையாது. இமிகிரேஷனில் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் முழிக்க வேண்டியதில்லை. தள்ளிக்கொண்டு வருகிற தம்பி மலையாளியோ நேபாளியோ, எப்படியும் சமாளித்து விடுவார். நேரடி விமானம் கிடைக்கவில்லையா? ஃபிராங்க்ஃபர்ட் - சென்னை நேரடியாகவே உண்டே.

#3 செவ்வந்தி (செவ்வாய், காலை 6.50)

நான் இதற்கு உடன்படவில்லை. கொஞ்சம் கடுமையாக எழுதினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு இளம்பிள்ளை வாதம். இடது கால் குச்சி மாதிரி இருக்கும், காலிப்பர் போட்டுத்தான் நடப்பார். சில வருடங்களுக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பும்போது, நடுவில் மாறுகிற ஒரு விமான நிலையத்தில், விமானத்தின் வாசலிலேயே ஐம்பது நிமிடம் நின்றோம். எங்களுக்கு முன்னால் வீல்சேர் கேட்டிருந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். அதில் பலர் விமானத்துக்குள் எழுந்து, மேலே இருந்த பையைத் தாங்களே இறக்கி, நடந்து வந்து வண்டியில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். "பரவாயில்லம்மா, வயசானவங்க" என்றார். அவருக்கு அப்போது 71.

மொழி தெரியாதது பெரிய கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து வீல்சேர் இல்லை.

#4 புதுகைப் பெண் (செவ்வாய், காலை 8.05)

செவ்வந்தி, இதில் மன்னிப்பு எதற்கு? நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. அப்பாவுக்கு என் வணக்கம்.

மணி அண்ணே, நேரடி விமானத்தைத்தான் முதலில் பார்த்தேன். எங்களுக்குத் தோதான நாட்களில் விலை இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. தம்பி அந்தச் செலவு வேண்டாம் என்றான், அம்மாவும் அதையேதான் சொன்னார்.

#5 கடற்கரைக் காற்று (செவ்வாய், மதியம் 1.30)

நான் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் ஏழு வருடம் வீல்சேர் தள்ளியவன். இப்போது ஊரில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

டிக்கெட்டில் வீல்சேர் கேட்டால் ஒரு குறியீடு விழும். மூன்று வகை உண்டு. கடைசி எழுத்து ஆர் என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள்ளே நடப்பார், தூரம் மட்டும் நடக்க முடியாது. எஸ் என்றால் படியும் ஏற முடியாது. சி என்றால் இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற விமானங்களில் ஆர் மட்டுமே முப்பது, நாற்பது வரும். அன்றைக்கு வேலையில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். அதனால் என்ன செய்வோம் என்றால், எல்லோரையும் ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு இரண்டிரண்டு பேராகக் கொண்டுபோவோம். அங்கே ஒரு மணி நேரம்கூட உட்கார வேண்டி வரும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல மொழி தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை. வீல்சேர் போட்டுவிட்டால் நிம்மதி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல நேரம் அம்மாவை ஓர் இடத்தில் கட்டிப்போடுவதாகத்தான் அது முடிகிறது.

இன்னொரு குறியீடு இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. எம்.ஏ.ஏ.எஸ். என்பார்கள். "மீட் அண்ட் அசிஸ்ட்". வயதானவர், முதல் முறை தனியாகப் பயணம் செய்பவர், மொழி தெரியாதவர், கைக்குழந்தையோடு போகும் தாய், இவர்களுக்காகவே உள்ளது. வண்டி வராது, ஆள் வருவார். கூட நடந்து வந்து கேட்டில் விடுவார். எல்லா நிறுவனத்திலும் கிடையாது, சிலர் காசு கேட்பார்கள். போன் போட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள். டிக்கெட்டில் அந்தக் குறியீடு ஏறிவிட்டதா என்று திரும்பவும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

#6 நல்லூராள் (செவ்வாய், மாலை 4.10)

கடற்கரைக் காற்று சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறேன். அம்மம்மா 84 வயதில் ஊர்பார்க்க வேணும் எண்டு ஒற்றைக்காலில் நின்றா. அவவுக்கு உண்மையாகவே நடக்க ஏலாது, வீல்சேர் போட்டோம். லண்டனில் மாறும்போது தள்ளிக்கொண்டு வந்த பிள்ளை எங்கட ஊர்ப் பிள்ளை. "எந்த ஊர் அம்மம்மா?" என்று கேட்டிருக்கிறா. அதுவரை மூடிய வாயைத் திறக்காமல் இருந்த அம்மம்மா, கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி எங்களைக் கண்டதும் சொன்ன முதல் கதை அந்தப் பிள்ளையின்ர கதைதான். அவளின் பூட்டன் ஆர், அவர்களின் வளவு எது என்றெல்லாம் விசாரித்து முடித்திருக்கிறா.

பிறகு கட்டுநாயக்காவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ராத்திரி வான் வண்டியில் எட்டு மணித்தியாலம். விமானத்தில் வந்த களைப்பைவிட அதுதான் பெரிய களைப்பு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது நாங்கள் பட்ட சந்தோசம் சொல்லி மாளாது. கொரோனாவில் நின்றுபோய், 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. போன முறை நான் சென்னை வழியாகத்தான் போனேன். ஒரு மணித்தியாலம் கொஞ்சத்தில் பலாலி. இறங்கி வெளியில் வந்தால் பனை தெரியுது. நான் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

புதுகைப் பெண், அம்மாவின் கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிடுங்கோ. பெயர், விமான எண், உங்கட போன் நம்பர்.

#7 செவ்வந்தி (செவ்வாய், மாலை 5.45)

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நியூயார்க்கிலிருந்து வந்த 80 வயதுப் பெரியவர். அவரும் மனைவியும் வீல்சேர் கேட்டிருந்தார்கள், கிடைத்தது ஒன்றுதான். மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். இமிகிரேஷன் பக்கம் வந்ததும் விழுந்து இறந்துபோனார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. போதுமான வண்டி வைக்காதது நிறுவனத்தின் குற்றம், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் நினைத்தது ஐம்பது நிமிடம் சுவரில் சாய்ந்து நின்ற அப்பாவைத்தான்.

#8 மலைக்கோட்டை மணி (செவ்வாய், இரவு 9.30)

செவ்வந்தி, அந்தச் செய்தியை நானும் படித்தேன், ஆனால் என் மாமியாரோடு சேர்த்து யோசித்ததில்லை. அவர் நன்றாக நடப்பவர்தான். நான் முதலில் எழுதியது தவறு. அடுத்த தடவை அந்த எம்.ஏ.ஏ.எஸ். கேட்டுப் பார்க்கிறேன்.

#9 நாஞ்சில் நண்டு (புதன், காலை 7.20)

பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஆளைவிட பெட்டிதான் முதலில் தொலையும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தீபாவளிக்குப் போனேன். பெல்ட் சுற்றி முடித்து நின்றே போய்விட்டது, என் பெட்டி வரவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மாவும் அக்காவும் அக்கா பிள்ளைகளும் வேன் பிடித்து வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். சின்னவள் கையைக் காட்டி "மாமா பெட்டி எங்கே?" என்று சைகையில் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

புகார் எழுதிக் கொடுக்காமல் வெளியே வரவே கூடாது. பி.ஐ.ஆர். என்று ஒரு தாள் தருவார்கள், அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண் இல்லாவிட்டால் அப்புறம் எதுவும் நடக்காது. மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அதன்படி பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். 21 நாள் ஆகியும் வரவே இல்லையென்றால் தொலைந்ததாகக் கணக்கு, இழப்பீடு கேட்கலாம். அந்த நாலு நாளில் வாங்கிய துணி, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் பில் வைத்திருந்தேன், பணம் திரும்ப வந்தது.

பெட்டி ஐந்தாம் நாள் வீட்டுக்கே வந்தது. திறந்தால் பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லேட் முழுக்க உருகி, அப்பாவுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தது. பிள்ளைகள் காகிதத்தை உரித்து உரித்து அந்தக் கட்டியைத் தின்று தீர்த்தார்கள். இன்றைக்கும் அந்தத் தீபாவளியைச் சாக்லேட் தீபாவளி என்றுதான் சொல்கிறார்கள்.

#10 வெயிலூர் (புதன், காலை 9.00)

பெட்டியில் சிவப்பு ரிப்பன் மட்டும் கட்டாதீர்கள். எல்லோரும் அதைத்தான் கட்டுகிறார்கள். நான் ஒரு தடவை என் சிவப்பு ரிப்பனைப் பார்த்துத் தூக்கிய நீலப் பெட்டி காரைக்குடிக்காரர் ஒருவருடையது. நல்லவேளை, வாசலிலேயே ஓடி வந்து பிடித்தார். ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில் இரண்டு பேரும் வாங்கியிருக்கிறோம். நின்று டீ குடித்துவிட்டுத்தான் பிரிந்தோம்.

#11 புதுகைப் பெண் (புதன், காலை 9.40)

அம்மா ஏற்கெனவே அதைச் செய்துவிட்டார். பழைய சுங்குடிச் சேலையின் கரையைக் கிழித்து, பெட்டியின் நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். மஞ்சளும் அரக்கும். எந்தப் பெல்ட்டில் வந்தாலும் தெரியும் என்கிறார்.

எடைதான் பிரச்சினை. தினமும் ராத்திரி தூக்கு தராசில் பெட்டியை மாட்டித் தூக்குகிறோம். 30 கிலோதான் அனுமதி. நேற்று 33. தையல் ஊசி செட், பேரன் போட்ட முதல் சட்டை, பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி கொடுத்த பிளம் ஜாம் மூன்று பாட்டில். ஜாமை எடுத்து வைத்தால் அம்மா திரும்ப உள்ளே வைக்கிறார். "அவங்க கையால செஞ்சது, எப்படி விட்டுட்டுப் போறது?" இருவருக்கும் ஒரு பாஷையும் பொதுவாகக் கிடையாது. மூன்று மாதமாக வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று செடியைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

#12 நாஞ்சில் நண்டு (புதன், காலை 10.15)

ஜாம் பாட்டில் கைப்பையில் போகாது, 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி வையுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான், பெரிய பெட்டியில் வைத்தால் பெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள். கொப்பரைத் தேங்காய் இந்திய விமானங்களில் எந்தப் பையிலும் கூடாது. எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் கணக்கில் வருகிறது. ஐரோப்பாவுக்குள் நெய் கூடாது, கறிவேப்பிலை கூடாது. 2019 டிசம்பரிலிருந்து பச்சையாக எந்தச் செடி, இலை, காய் கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்று வேண்டும். விதிவிலக்கு ஐந்தே பழங்களுக்கு: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். வாழைப்பழத்தோடு தேங்காய் வைத்துத் தாம்பூலம் கொடுக்கலாம், வெற்றிலைக்குத்தான் வழியில்லை என்று என் மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

#13 மலைக்கோட்டை மணி (புதன், இரவு 10.50)

எல்லோரும் எழுதுவதைப் படிக்கப் படிக்க எனக்கும் ஒன்று எழுதத் தோன்றுகிறது. விவாதத்துக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை.

ஷார்ஜா - திருச்சி ராத்திரி விமானம். நம் ஆட்கள்தான் நிறைய. அட்டைப்பெட்டியைச் சுற்றி நைலான் கயிறு, மேலே மார்க்கரில் பேர், ஊர், மாவட்டம் வரை. விமானத்தில் ஏறினதும் தூங்கிவிடுவார்கள். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். கழிப்பறைக்கு வெளியே வரிசை நிற்கும். அவசரத்துக்குப் போகிற வரிசை இல்லை அது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கவர் இருக்கும். உள்ளே பழைய டி-ஷர்ட்டோடு போகிறவர் வெளியே வரும்போது மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டிருப்பார். தலை படிய வாரியிருப்பார், சென்ட் வாசனை நாலு வரிசை தாண்டி வரும்.

ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஐந்து வருடம் கழித்துப் போகிறவர். கட்டட வேலை. சட்டை மாற்றிக்கொண்டு வந்து, என்னிடம் காலரைக் காட்டி, "சரியா இருக்கா அண்ணே?" என்று கேட்டார். மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லையாம். அவர் கிளம்பும்போது மனைவி மூன்று மாதம். சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்துவிட்டார். பணிப்பெண் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

விமானம் நிற்பதற்குள் எழுந்து நிற்கிறார்கள் என்று நம் ஆட்களைக் கிண்டல் செய்து எழுதுகிறார்கள். எழுந்திருப்பது ஆபத்து, சரி. ஆனால் அவர் எதற்காக எழுந்தார் என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அப்போது பழைய டெர்மினல், இடுக்கமாக இருக்கும். வாசல் கம்பியை ஒட்டி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார். குழந்தை இவரைப் பார்த்து அழுது, அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் கொஞ்சம் தள்ளியே நின்று, அட்டைப்பெட்டியைக் கீழே வைத்து, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, ஒரு பொம்மையை எடுத்தார். நடைபாதையில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில். 2024 ஜூனிலிருந்து திருச்சியில் புது டெர்மினல் ஓடுகிறது, கோபுர ஓவியமெல்லாம் வைத்துப் பெரிதாக அழகாக இருக்கிறது. நான் அங்கே இறங்கும்போதெல்லாம் அந்த வாசல் கம்பியைத்தான் தேடுகிறேன்.

#14 நல்லூராள் (வியாழன், அதிகாலை 1.15)

மணி அண்ணா, படிச்சு அழுதிட்டன்.

#15 வெயிலூர் (வியாழன், காலை 8.30)

2024 ஏப்ரல் 16-ல் துபாயில் பெய்த மழையில் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். 75 வருடத்தில் இல்லாத மழை. ஓடுபாதையில் தண்ணீர், விமானங்கள் படகு மாதிரி நீரைக் கிழித்துக்கொண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் சித்திரைப் பிறப்புக்கே போயிருக்க வேண்டியவன், லீவு கிடைக்காமல் இரண்டு நாள் தள்ளி, தங்கை வளைகாப்புக்காவது போய்ச் சேரலாம் என்று கிளம்பினேன். இரண்டு ராத்திரி தரையில் படுத்தேன். இரண்டாவது ராத்திரி யாரோ ஒரு அம்மா, ஊரிலிருந்து மகள் வீட்டுக்குப் போகிறவர், பையைத் திறந்து முறுக்கு டப்பாவை வெளியே எடுத்தார். மகளுக்குக் கொண்டுபோனது. சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் இரண்டிரண்டாக எண்ணிக் கொடுத்தார். ஒரு எத்தியோப்பியப் பையன் அதை எப்படிக் கடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவர் தன் முறுக்கை உடைத்துக் காட்டினார். வளைகாப்பை நான் வீடியோவில்தான் பார்த்தேன், ஆனால் அந்த முறுக்கின் ருசி நாக்கில் இருக்கிறது.

#16 கடற்கரைக் காற்று (வியாழன், மதியம் 12.10)

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். துபாயில் பெரிய சிக்கல் என்னவென்றால், அங்கே போர்டிங் அறிவிப்பு கிடையாது. அமைதியான விமான நிலையம் என்று வைத்திருக்கிறார்கள். நம் அம்மாக்கள் பேருந்து நிலையத்தில் மாதிரி, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விமானம் போய்விடும். புறப்படுவதற்கு 20 நிமிடம் முன்பே கேட் மூடிவிடும். இதை அம்மாவிடம் நாலு தடவை சொல்லுங்கள்.

மூன்றாவது டெர்மினல் என்றால் கேட்டுகள் ஏ, பி, சி என்று மூன்று பகுதி. ஏ-யில் இறங்கி பி-க்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ரயில் இருக்கிறது. பாதாளத்தில் ரயில் வந்தால் ஊரை விட்டு வெளியே போகிறோம் என்று பயந்து ஏறாமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது விமான நிலையத்துக்குள்ளேயே ஓடுகிற ரயில்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அம்மா கூப்பிட்டுப் பார்த்து, மகள் எடுக்கவில்லையே என்று பதறுவார். குரல் செய்தி போகும். மைக்கை அழுத்திப் பேச இப்போதே பழக்குங்கள்.

#17 புதுகைப் பெண் (ஞாயிறு, இரவு 9.15)

முடிவு எடுத்துவிட்டோம். வீல்சேர் இல்லை. விமான நிறுவனத்துக்குப் போன் போட்டேன். முதலில் எடுத்தவர் வீல்சேர்தான் இருக்கிறது என்றார். இரண்டாவது நாள் வேறொருவரிடம் எம்.ஏ.ஏ.எஸ். என்று எழுத்தைப் பிரித்துச் சொன்னதும் உடனே போட்டுக்கொடுத்தார். செலவில்லை.

அம்மாவுக்காக ஒரு தாள் தயார் செய்தேன். மேல் பாதி தமிழில், அம்மா படிக்க. கீழ்ப் பாதி ஆங்கிலத்தில், அம்மா யாரிடமாவது நீட்ட. தமிழில் எழுதியது இதுதான்:

"அம்மா, பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இறங்கினதும் பெரிய டிவியில் சென்னை வரியைப் பார். கடைசியில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அதுதான் கேட். அதை இந்தக் கட்டத்தில் எழுதிக்கொள். போர்டிங் பாஸில் எண் முன்னால் வந்து எழுத்து பின்னால் வந்தால் அது உட்காரும் இடம். எழுத்து முன்னால் வந்தால் கேட். சந்தேகம் வந்தால் சீருடை போட்டவரிடம் கீழே உள்ளதைக் காட்டு."

எண் முன்னால், எழுத்து முன்னால் என்பதை அம்மாவே கண்டுபிடித்தார். நான் நான்கு பழைய போர்டிங் பாஸை அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல நம்பர் முதல்ல வருது, அதுல எழுத்து முதல்ல வருது, அவ்வளவுதானே?" என்றார். இத்தனை வருடம் பறந்தும் எனக்கு அது கண்ணில் பட்டதில்லை.

சென்னையில் இந்தியர்களுக்கு வருகைப் படிவம் இல்லை என்பதையும் எழுதிவிட்டேன். அது 2014-லேயே எடுத்தாயிற்று. அம்மாவுக்குப் படிவம் என்றாலே பயம்.

#18 செவ்வந்தி (ஞாயிறு, இரவு 10.00)

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தத் தாளில் தண்ணீர் எங்கே கிடைக்கும், கழிப்பறைப் படம் எப்படி இருக்கும்னு சேர்க்கச் சொல்லு" என்றார். ஆண் படம், பெண் படம் இரண்டையும் வரைந்து காட்டச் சொல்கிறார். சில இடங்களில் அது இரண்டும் ஒன்று போலவே இருக்கிறதாம்.

#19 புதுகைப் பெண் (ஞாயிறு, இரவு 10.20)

சேர்த்துவிட்டேன். அப்பாவுக்கு நன்றி சொல்லுங்கள்.

#20 புதுகைப் பெண் (12-ம் தேதி, காலை 6.35)

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. துபாயில் இறங்கி ஒன்றரை மணி நேரம் எந்தத் தகவலும் இல்லை. அப்புறம் குரல் செய்தி ஒன்று வந்தது. 40 விநாடி. முதல் பத்து விநாடி வெறும் சத்தம், அம்மா மைக்கைத் தேடியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

"கண்ணு, நான் பி-யில உட்கார்ந்திருக்கேன். கேட்டுக்கு நேரா. ஒரு பொண்ணு கூட வந்துச்சு, நேபாளமாம். நல்ல பொண்ணு. ரயில்ல ஏத்துச்சு. போகும்போது என் தாளை வாங்கி அதுவே கேட் நம்பரை எழுதிக் குடுத்துச்சு. இங்க ஒரு பெரியம்மா தெலுங்கு, அவங்களுக்கும் எங்க போறதுன்னு தெரியல. சீட்ட வாங்கிப் பார்த்தேன், அவங்களது சி. டிவியில காட்டிக் குடுத்தேன். சீருடைக்காரப் பையன் கூட்டிட்டுப் போயிட்டான். தண்ணி குடிச்சேன். ஜாம் உடையலேன்னு நெனைக்கிறேன். வைக்கிறேன்."

#21 மலைக்கோட்டை மணி (12-ம் தேதி, காலை 7.00)

சென்னையில் இறங்கிவிட்டாரா?

#22 புதுகைப் பெண் (12-ம் தேதி, மதியம் 2.40)

இறங்கிவிட்டார் அண்ணே. தம்பி கூட்டிக்கொண்டு தாம்பரம் தாண்டிவிட்டான். சுங்குடிக் கரையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாராம், பெட்டி ஏழாவதாக வந்ததாம். ஜாமில் ஒன்று உடைந்து, பேரன் சட்டை மேலே கொட்டியிருக்கிறது. துவைக்க வேண்டாம் என்று அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்.

#23 பினாங்கு பிச்சிப்பூ (12-ம் தேதி, மாலை 6.15)

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மாமனார் 19-ம் தேதி கோலாலம்பூர் வழியாகத் திருச்சி போகிறார், தனியாக. அந்தத் தாளை எனக்கு அனுப்ப முடியுமா?

#24 புதுகைப் பெண் (12-ம் தேதி, மாலை 6.30)

தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். கேட் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கோலாலம்பூரில் டெர்மினல் 1, 2 இரண்டும் தனித்தனிக் கட்டடம், அவருக்கு எது என்று பார்த்து மேலே பெரிதாக எழுதிவிடுங்கள். கழிப்பறைப் படம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.